பத்து இலக்க ரகசியம்

சென்னையிலிருந்து கடலூருக்கு ரயிலில் போகிறீர்கள். ஊருக்குப் புதுசு. பண்ருட்டி தாண்டியாச்சு. அடுத்து ஒரு ஸ்டேஷன் வருகிறது. போர்டில் நீளமாக ‘திருப்பாதிரிப்புலியூர்’. ஏதோ கோயில் ஊர் போலிருக்கிறது என்று ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். வண்டி கிளம்பிவிடும்.

போச்சு! நீங்கள் இறங்க வேண்டிய இடம் அதுதான். கடலூர் பஸ் ஸ்டாண்டு அங்கேதான் இருக்கிறது. அடுத்து வரும் ‘கடலூர் துறைமுகம் சந்திப்பு’ முதுநகர்ப் பக்கம்.

பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான். ரயில்வேக்கு இது தந்தி காலத்திலேயே புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் குட்டியாக ஒரு குறியீடு கொடுத்தார்கள். திருப்பாதிரிப்புலியூருக்கு டி.டி.பி.ஆர். துறைமுகத்துக்கு சி.யு.பி.ஜே. சிதம்பரத்துக்கு சி.டி.எம். மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. 2019-ல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. குறியீடு? அதே பழைய எம்.ஏ.எஸ்.தான். பெயர் மாறலாம், அடையாளம் மாறக் கூடாது.

சரி, ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருக்கும். பெர்த் அப்படியா? அது வண்டியோடு ஓடுகிறது. இன்றைக்கு உங்களுடையது, நாளைக்கு இன்னொருவருடையது. எங்கோ ஹவுராவில் கிளம்பும் வண்டியின் ஒரு பெர்த்தை, சிதம்பரம் கவுன்டரில் நின்றுகொண்டு ‘அதுதான் எனக்கு’ என்று எப்படிச் சுட்டிக் காட்டுவது?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. லீவுக்கு வடக்கே போகிற ஒரு மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வராத காலம். வண்டிக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று காகிதப் பேரேடு. வழியில் இருக்கும் ஊர்களுக்குக் கொஞ்சம் கோட்டா. அது தீர்ந்தால் தந்தி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். போவதற்கு எப்படியோ டிக்கெட் கிடைத்துவிடும். திரும்பி வருவதற்கு? பரீட்சைக்குள் வந்து சேர்வானா மாட்டானா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு ஆரம்பமானது. பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத். ஐந்து ஊரில் ஐந்து பெரிய கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் தன் பகுதி வண்டிகளுக்கு ராஜா. ஆனால், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

‘ஐந்திலும் எல்லாக் கணக்கையும் எழுதிவைத்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். நான் பி.காம். படித்தவன். ஒரே கணக்கைத் தனித்தனியாக ஐந்து பேரேட்டில் ஐந்து பேர் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் ஒருவர், டெல்லியில் ஒருவர், ஒரே நிமிஷத்தில் ஒரே பெர்த்தை விற்றுத் தொலைப்பார்கள்!

எனவே ரயில்வேயின் ‘கிரிஸ்’ நிறுவனம் வேறு வழியில் போனது. ‘கான்செர்ட்’ என்ற மென்பொருளை எழுதி, 1999 ஏப்ரலுக்குள் ஐந்தையும் இணைத்துவிட்டது. சூட்சுமம் இதுதான். பெர்த்தின் கணக்கு ஒரே ஓர் ஊரில்தான் இருக்கும். சிதம்பரத்தில் கேட்ட கேள்வி சென்னைக்குப் போகும். வண்டி ஹவுராவுடையது என்றால் அங்கிருந்து கொல்கத்தா. பெர்த்தில் பெயர் விழுவது அங்கேதான். திரும்பி வருவது பதிலும் ஒரு பத்து இலக்க எண்ணும்.

ஆமாம், பி.என்.ஆர்! அதன் தொடக்க இலக்கங்கள் எந்த மையம் என்று சொல்லும். மற்றவை வெறும் எண்கள்தான். கணக்கு நகர்வதில்லை, எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அப்பா டெல்லியில் இருந்தாலும், பையன் சிதம்பரத்தில் இருந்தாலும், அந்த எண்ணைக் கொடுத்தால் ஒரே பதில். போகிற டிக்கெட்டோடு திரும்புகிற டிக்கெட்டையும் அவன் சிதம்பரத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

தூரத்தில் இருப்பதை எண்ணால் சுட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. சுட்டப்பட்ட பொருள் போய்விட்டால்? 1984-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் வேலை வாங்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதிலேயே இதற்கு வழி இருந்தது. எதிர்முனை நின்று மறுபடி கிளம்பினால் அதற்குப் புது அடையாள எண். பழைய எண்ணோடு வந்தால் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும்.

பயணம் முடிந்து நாளான பி.என்.ஆரைத் தட்டிப்பாருங்கள். ‘ஃப்ளஷ்டு’ என்று வரும். எரிச்சலாக இருக்கும். ஆனால், யோசித்துப் பாருங்கள். இன்னொருவர் பெர்த்தை உங்களுடையது என்று காட்டுவதைவிட, ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவோ மேல். தப்பான பதிலை நம்பிக் கிளம்பியவன் நடுராத்திரியில் நின்றுகொண்டே வர வேண்டும்.

சிதம்பர ரகசியம் பார்த்திருப்பீர்கள். திரை விலகும். தங்க வில்வ மாலை தொங்கும். வேறொன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அந்த மாலைதான் அடையாளம். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் பத்து இலக்கமும் அந்த வகைதான். பெர்த்தை நீங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும், நம்பிப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

ஒன்றே ஒன்று. அடுத்த தடவை கடலூருக்குப் போனால், திருப்பாதிரிப்புலியூரிலேயே இறங்கிவிடுங்கள்!