பழைய புத்தகத்துக்கு ஒன்லைனில் எத்தனை கடை?

எங்கட வாசிப்பு வட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து போன வருடக் கடைசியில் ஒரு புத்தகம் வாங்கினோம். தமிழ்ப் பண்பாட்டில் சாதி பற்றி பிறையன் பஃபென்பேகர் எழுதிய ஆங்கில நூல். 1982இல் அமெரிக்காவின் சிறக்கியூஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் வந்து தங்கி, ஆக்களோடு கதைத்து எழுதிய ஆய்வு அது. விரிவுரைக் குறிப்புகளில் பெயர் அடிக்கடி வரும், புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. எங்களிடம் இருந்தது ஒரு போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. அடிக்குறிப்புகள் எல்லாம் கறுப்புப் பட்டையாக இருக்கும். எங்கட ஊர்களைப் பற்றிய புத்தகத்தை அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன்ர கொட்டிலில் இருந்து எடுத்து அனுப்பினால்தான் வாசிக்கலாம் எண்ட நிலை.

தேடும்போது நான்கு இணையத்தளங்களைத் திறந்து வைத்திருந்தோம். அதில் மூன்றில் ஒரே பிரதி. அதே விற்பனையாளர், 'முதுகுப் பக்கம் சற்று மங்கல்' எண்ட அதே விவரிப்பு. விலை மட்டும் மூன்று விதம்! ஏன் இப்படி எண்டு தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

இணையத்துக்கு முதல் அமெரிக்காவில் பழைய புத்தக வியாபாரம் தபாலில்தான் ஓடியது. 1948இல் தொடங்கிய 'ஏபி புக்மன்ஸ் வீக்லி' எண்ட வார இதழில் வியாபாரிகள் 'தேவை' எண்டு பட்டியல் போடுவார்கள். புத்தகத்தை வைத்திருக்கும் இன்னொரு வியாபாரி விலையைக் குறித்து தபாலட்டை அனுப்புவார். ஒரு புத்தகம் கிடைக்க மாதக்கணக்கு ஆகும், கிடைக்காமலும் போகும். வாசகருக்கு இதில் நேரடி வேலை இல்லை. தன்ர ஊர்க் கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 1993இல் இன்ரலொக் எண்ட கணினி வலையமைப்பு இதே வேலையை வியாபாரிகளுக்கு இடையில் மின்வழியாகச் செய்யத் தொடங்கியது. பிறகு அலிபிறிஸ் எண்டு பெயர் மாறியது அதுதான். அந்த வார இதழ் 1999இல் நின்றுபோனது.

கனடாவின் விக்ரோறியா நகரில் 1995இல் இரண்டு தம்பதிகள் சேர்ந்து ஏப்புக்ஸைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் பழைய புத்தகக் கடை நடத்தியவர். அடுத்த வருடம் தளம் இயங்கத் தொடங்கியது. கடைக்காரர் மாதக் கட்டணம் கட்டித் தன் இருப்பைப் பட்டியலிடுவார், வாங்குபவர் தேடிக் கண்டுபிடிப்பார். தளத்திடம் சொந்தமாக ஒரு புத்தகமும் இல்லை. எங்களுக்கு இதில் பிடித்தது, பட்டியலைச் செய்தவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எண்டதுதான். எந்தப் பக்கத்தில் பென்சில் கோடு, எந்த நூலக முத்திரை எண்டு அவருக்குத் தெரியும்.

அமேசன் 1995 யூலையில் புதுப் புத்தகம் விற்கும் கடையாக வந்தது. 2000 நவம்பரில் ஒரு பெரிய மாற்றம் செய்தது: புதுப் புத்தகம் இருக்கும் அதே பக்கத்தில், அதே புத்தகத்தின் பழைய பிரதியை வேறு ஆக்கள் விற்க இடம் கொடுத்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்துக்குக் கோபம். பழைய பிரதி விற்றால் எழுத்தாளருக்கு ஒரு சதமும் போகாதே! 2002இல் தங்கட இணையப் பக்கங்களில் இருந்து அமேசன் லிங்குகளை எடுத்துவிடச் சொல்லி உறுப்பினர்களைக் கேட்டது. அந்தச் சங்கடம் எங்களுக்கும் விளங்குது. ஆனால் புதுப் பிரதியே இல்லாத ஒரு நூலுக்கு அந்த வாதம் செல்லாது எண்டுதான் நினைக்கிறோம்.

இப்படிப் புதுசும் பழசும் ஒரே பக்கத்தில் நிற்க முடிந்ததற்குக் காரணம் ஒரு இலக்கம். 1960களில் பிரித்தானியாவின் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் களஞ்சியத்தைக் கணினிமயமாக்கப் போனபோது, கோர்டன் பொஸ்ரர் எண்ட பேராசிரியர் ஒன்பது இலக்கத்தில் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். 1970இல் அது பத்து இலக்கத்தில் சர்வதேசத் தரமானது, 2007இல் பதின்மூன்று இலக்கமாகியது. நாங்கள் சொல்லும் ஐஎஸ்பிஎன் இதுதான். இலங்கைப் புத்தகங்களில் 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும், பாருங்கோ. இலக்கம் இருக்கிற புத்தகத்தைப் பட்டைக்குறி வாசிக்கும் கருவியால் ஒரு நொடியில் பட்டியலிடலாம். நூலகங்கள் கழித்ததையும் தானமாக வந்ததையும் தொன்கணக்கில் எடுத்து விற்கும் பெரிய களஞ்சியங்கள் வளர்ந்தது இப்படித்தான். புத்தகத்துக்கு ஒரு சதம், தபாலுக்கு நான்கு டொலர் எண்டு விற்றதும் அவர்கள்தான், லாபம் தபால் கட்டணத்துக்குள் இருந்தது. அங்கே புத்தகத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. 'நல்ல நிலை' எண்டு போட்டிருந்ததை நம்பி இதற்கு முதல் நாங்கள் எடுத்த ஒரு நூல் பன்னிரண்டு பக்கம் கிழிந்து வந்தது.

இலக்கம் இல்லாத புத்தகத்தின் கதை வேறு. எங்கட அப்பம்மா காலத்து யாழ்ப்பாண வெளியீடுகள், ஊர்ச் சங்க மலர்கள், எழுபதுகளின் சிறு பிரசுரங்கள் இந்த வலையில் விழவே விழா. பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருமாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறுமாதிரி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டோம். விற்பதிலும் சிக்கல்தான். இலங்கையில் இருந்து பேபாலில் காசு கட்டலாம், ஆனால் பெற முடியாது எண்ட நிலை நீண்டகாலமாக இருக்கு. யாழ்ப்பாணத்துப் பழைய புத்தக வியாபாரி உலகச் சந்தையில் கடை போடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலை மூன்று விதமாக இருந்ததற்கு வருவோம். ஒரே விற்பனையாளர் பல தளங்களில் பட்டியலிடுவார், ஒவ்வொரு தளமும் எடுக்கும் கழிவுக்கு ஏற்ப விலையைக் கூட்டுவார். அவ்வளவுதான் ரகசியம். அந்தத் தளங்கள் யாருடையவை எண்டு பார்த்தபோதுதான் திகைத்தோம். ஏப்புக்ஸை அமேசன் 2008இல் வாங்கியது. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் புக்ஃபைன்டரை 1997இல் தொடங்கியவர் ஒரு பல்கலைக்கழக மாணவர், எங்கட வயதுதான். அதை 2005இல் ஏப்புக்ஸ் வாங்கியிருந்தது, ஆகவே அதுவும் அமேசனிடம் போய்விட்டது. நாங்கள் திறந்துவைத்த நான்கில் மூன்று ஒரே வீட்டுக் கதவுகள்!

அப்படி இருந்தால் என்ன எண்டு கேட்கலாம். 2018இல் தென்கொரியா, ஹங்கேரி, செக் குடியரசு, ரஷ்யா ஆகிய நாடுகளின் கடைக்காரர்களை இனிச் சேர்க்கமாட்டோம் எண்டு ஏப்புக்ஸ் அறிவித்தது. பணக் கொடுப்பனவு முறையில் மாற்றமாம். அந்த நவம்பரில் 27 நாடுகளில் ஏறத்தாழ 600 பழைய புத்தக வியாபாரிகள் தங்கட புத்தகங்களை எல்லாம் தளத்தில் இருந்து தற்காலிகமாக இழுத்துக்கொண்டார்கள். 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்! சம்பந்தமே இல்லாத ஊர்க் கடைக்காரர்கள், முகம் தெரியாத செக் வியாபாரிக்காகத் தங்கட வருமானத்தை நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வெளியேற்றத்தைத் தள்ளிவைத்தது. நாங்கள் வாசித்த வேலைநிறுத்த வரலாறுகளில் இவ்வளவு அமைதியான ஒன்று இல்லை.

மற்றப் பக்கத்தில் புக் டிப்போசிற்றறி. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய புதுப் புத்தகக் கடை. 160க்கு மேற்பட்ட நாடுகளுக்குத் தபால் செலவே இல்லாமல் அனுப்பியது. தூர நாட்டு வாசகர்களுக்கு அது ஒரு பெரிய கொடை. 2011இல் அமேசன் வாங்கியது, 2023 ஏப்ரல் 26இல் மூடியது. அதற்கு முதல் வருடம்தான் எங்கட ரூபா சில வாரங்களில் டொலருக்கு 200இல் இருந்து 360 வரை விழுந்தது. இரண்டும் சேர்ந்து எங்களைப் போன்ற ஆக்களின் புத்தகப் பட்டியலை முடித்துவிட்டது எண்டே சொல்லலாம்.

ஆகவே இப்ப நாங்கள் செய்வது இது. அமேசனுக்குச் சொந்தமான தளங்களைப் பட்டியல் பார்க்கப் பாவிக்கிறோம், மறைக்கவில்லை, தேடலுக்கு அவை நல்லவை. விற்பனையாளரின் பெயரைக் கண்டுபிடித்த பிறகு, அவருக்குச் சொந்த இணையத்தளம் இருக்கோ எண்டு பார்த்து நேரடியாக மின்னஞ்சல் போடுகிறோம், அல்லது பிப்லியோ போன்ற சுயாதீனத் தளத்தில் அதே பிரதி இருந்தால் அங்கே எடுக்கிறோம். புத்தக விலையை முதலில் பார்ப்பதில்லை, இலங்கைக்கான தபால் செலவைத்தான் பார்க்கிறோம். இலக்கம் மட்டும் போட்டு, பொதுப் படத்தோடு வரும் பட்டியல்களைத் தொடுவதில்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளிலும் ஒருக்கால் பார்க்கச் சொல்கிறோம். அங்கே தபால் செலவு இல்லை, பேரம் பேசலாம், தூசிக்கு மட்டும் தயாராகப் போகவேண்டும்.

பஃபென்பேகர் ஏழு வாரத்தில் வந்து சேர்ந்தார். உள்ளே ஒரு அமெரிக்கக் கல்லூரி நூலகத்தின் 'நீக்கப்பட்டது' முத்திரை. பின்னட்டையில் இரவல் தாள் அப்படியே ஒட்டியிருக்கு, அதில் ஒரேயொரு திகதி. ஐந்து பேரும் முறை வைத்து வாசிக்கிறோம், இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கு. அடுத்த புத்தகத்துக்கு விற்பனையாளர் சொன்ன விலை 14 டொலர், தபால் 31. கப்பல் தபாலில் அனுப்ப ஏலுமோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறோம்.