மூடிய கதவுகளும் பீட் சீகரின் பாடல்களும்

1962-ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலி நிலையங்கள் இரண்டு பாடல்களை விரும்பி ஒலிபரப்பி வந்தன. ஒன்று, கையில் ஒரு சுத்தியல் கிடைத்தால் என்ன செய்வேன் என்று உவகையோடு பாடும் பாடல். மற்றொன்று, பூக்களெல்லாம் எங்கே சென்றன என்று வினவத் தொடங்கிப் போரில் மடிந்தோரின் கல்லறைக்கு நம்மை அழைத்துச் செல்லும் பாடல். முன்னதைப் பீட்டர், பால், மேரி என்ற மூவர் பாடினர். பின்னதைக் கிங்ஸ்டன் டிரியோ என்ற குழுவினர் பாடினர். பின்னதை இயற்றியவர் பீட் சீகர். முன்னதையும் அவரே தம் நண்பர் லீ ஹேஸ் என்பவருடன் சேர்ந்து ஆக்கினார். ஆயினும், அந்நாட்டின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் சீகரைத் தம் வாயிலருகே கூட விடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தன. பாட்டு உள்ளே, பாட்டை ஆக்கியவர் வெளியே! இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீகர் 1919-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் சார்லஸ் சீகர் இசை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். தாயார் வயலின் வாசிப்பில் வல்லவர். ஏட்டில் எழுதிப் பயிலும் இசை வளர்ந்த இல்லம் அது. 1936-இல் தந்தையாருடன் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் என்னும் ஊருக்குச் சென்ற சீகர், அங்கு நடந்த நாடோடிப் பாடல் விழாவில் மலைநாட்டு மக்கள் ஐந்து நரம்புப் பாஞ்சோவை மீட்டக் கேட்டார். தோல் போர்த்த வட்டமுகமும் நீண்ட கழுத்தும் உடைய அக்கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் மரபில் தோன்றியது. அதன் ஓசை அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் 1938-இல் படிப்பை விட்டார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் நாடோடிப் பாடல் தொகுப்பில் ஆலன் லோமாக்ஸ் என்ற அறிஞருக்கு உதவியாளராக அமர்ந்து, பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுத் தரம் பிரிக்கும் பணியைச் செய்தார்.

நூலகத்தில் கேட்ட இசையை நாட்டு வழிகளிற் காணுமாறு செய்தவர் வுடி கத்ரி. இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவரின்றிச் சீகரும் இல்லை, பின்வந்த பாப் டிலனும் இல்லை.

கத்ரி 1912-இல் ஓக்லஹோமா மாநிலத்து ஓகீமா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தமக்கை தீயிற் கருகி இறந்தார். தாயார் மூளையையும் உடலையும் சிறிது சிறிதாகச் சிதைக்கும் பரம்பரை நோய்க்கு ஆளாகி மருத்துவ விடுதியில் மாண்டார். பிழைப்புத் தேடி டெக்சாஸ் மாநிலத்துப் பாம்ப்பா நகருக்குக் கத்ரி சென்ற காலத்தில் இயற்கையும் சீறியது. மழை குறைந்த பெரும் சமவெளியில், மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை உழுது புரட்டிக் கோதுமை விதைத்திருந்தனர். 1930-களில் தொடர்ந்து வறட்சி வந்தது. பிடிப்பிழந்த மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. உலகம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். நிலத்தை இழந்த உழவர்கள் மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் பெயர்ந்தனர். அங்கேயோ, பணமில்லாதவர் உள்ளே நுழையாதபடி 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசார் மாநில எல்லையிலேயே நின்று மறித்தனர்.

அக்கூட்டத்தில் ஒருவராகக் கத்ரியும் சென்றார். 1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையம் ஒன்றில் பாடும் வாய்ப்புப் பெற்றார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப் பேச்சிலேயே பாடியமையால் நேயர் கடிதங்கள் குவிந்தன. அவர் கையாண்ட முறை எளிது. மெட்டு பழையது, சொல் புதியது. தேவாலயத்திற் பாடிய மெட்டும், கொள்ளைக்காரன் கதையைச் சொன்ன மெட்டும் அவர் கையில் அன்றைய துயரைச் சொல்லும் கருவியாயின. 1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு விடுதியறையில் தங்கியிருந்தபோது, நாட்டைக் கடவுள் வாழ்த்துக என்று வானொலியில் ஓயாது ஒலித்த ஒரு பாட்டுக்கு மறுமொழியாக, இம்மண் நம் எல்லார்க்கும் உரியது என்னும் கருத்தமைந்த பாடல் ஒன்றை எழுதினார். அதற்கும் மெட்டு, கார்ட்டர் குடும்பத்தார் பாடி வந்த சமயப் பாடலின் மெட்டே.

அதற்கடுத்த மார்ச்சு 3-ஆம் நாள், பிழைப்புத் தேடி அலைந்த தொழிலாளர்க்கு நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் நடந்தது. அன்று சீகரும் கத்ரியும் முதன்முறையாகச் சந்தித்தனர். இருபது வயது இளைஞர், வழிப்போக்கரான இப்பாடகரின் பின்னே புறப்பட்டுவிட்டார். முன்பின் அறியாதவரிடம் எவ்வாறு பாடிச் சோறு பெறுவது, சரக்கு ரயிலில் எவ்வாறு தொற்றி ஏறுவது என்பனவெல்லாம் அவர் கத்ரியிடம் கற்ற பாடங்கள்.

கத்ரி பணத்தை வெறுத்தவர் என்று எண்ண வேண்டா. 1940-இல் ஒரு புகையிலை நிறுவனம் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் நல்ல ஊதியம் கிடைத்தது. எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்று பிறர் வகுக்கத் தொடங்கவே, சில வாரங்களில் விலகிவிட்டார். ஆனால் 1941 மே மாதத்தில், கொலம்பியா ஆற்றில் அணை கட்டி மின்னாற்றல் வழங்கிய அரசுத்துறை அவரை ஒரு மாதக் கூலிக்கு அமர்த்தியபோது மகிழ்ந்து சென்றார். அந்த ஒரு மாதத்தில் 26 பாடல்கள். கூலி 266 டாலர் 66 சென்ட். அவற்றுள் கொலம்பியா ஆற்றைப் பாடிய ஒன்றை 1987-இல் வாஷிங்டன் மாநிலம் தன் அதிகாரபூர்வமான நாடோடிப் பாடலாக ஏற்றது. கூலிக்குப் பாடிய பாட்டில் உயிர் இராது என்பாருக்கு இதனைக் காட்டலாம். தாம் சொல்ல விரும்பியதைச் சொல்லக் கூலி கிடைத்தது; வேறுபாடு அவ்வளவே.

அதே 1941-இல் சீகரும் லீ ஹேஸும் வேறு சிலரும், பின்னர்க் கத்ரியும், 'ஆல்மனாக் பாடகர்' என்ற குழுவாக இயங்கினர். ஆல்மனாக் என்பது பஞ்சாங்கம். உழவன் வீட்டில் இருப்பவை இரண்டு நூல்கள், ஒன்று விவிலியம், மற்றொன்று பஞ்சாங்கம் என்று ஹேஸ் சொன்னதிலிருந்து வந்த பெயர் அது. இக்குழுவின் வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பிழை உண்டு. ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொண்டிருந்த நாளில், அமெரிக்கா போரில் இறங்கலாகாது என்று பாடி இசைத்தட்டுத் தொகுப்பு வெளியிட்டனர். 1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியதும் அத்தொகுப்பை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டு, போரை ஆதரித்துப் பாடலாயினர். சீகர் 1940-களில் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினராக இருந்து, பின்னர் விலகியவர். ஸ்டாலினின் கொடுமையைக் காலத்தில் உணரத் தவறியது தம் குற்றமே என்று முதுமையில் வருந்தினார்.

போர் முடிந்தபின், 1948-இல், சீகரும் ஹேஸும் ரானி கில்பர்ட், பிரெட் ஹெல்லர்மன் என்ற இருவரோடு 'வீவர்ஸ்' (நெசவாளர் என்பது பொருள்) என்னும் குழுவை அமைத்தனர். 1950-இல் இவர்கள் பாடிய ஒரு பாடல் பதின்மூன்று வாரங்கள் நாட்டில் முதலிடம் பெற்றது. அதனைப் பரப்பியவர் ஹடி லெட்பெட்டர் என்ற கறுப்பினப் பாடகர். லூசியானா மாநிலச் சிறையில் அவர் பாடக் கேட்டு, லோமாக்ஸ் தந்தையும் மகனும் 1933-இல் ஒலிப்பதிவு செய்தனர். நாடு முழுவதும் அப்பாட்டை முணுமுணுக்கும் முன்பே, 1949 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். நாடோடிப் பாடலின் வரலாற்றில் புகழும் பொருளும் உரியவரைச் சேராமற் போன கதைகள் மலிந்துள்ளன.

புகழ் வந்த அதே கோடையில் இடியும் விழுந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளில் கம்யூனிஸ்டுத் தொடர்புடையோர் என்று 151 பெயர்களைத் தொகுத்து ஒரு சிறு நூல் 1950 ஜூனில் வெளிவந்தது. சீகர் பெயரும் அதில் இருந்தது. 1952-இல் ஒருவர் அரசுக் குழுவின் முன் வீவர்ஸ் குழுவினருக்கு எதிராகச் சாட்சி கூறினார். தம் சாட்சியங்களிற் பல பொய் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டது வேறு செய்தி. விடுதிகளும் அரங்குகளும் கதவடைத்தன, குழு கலைந்தது.

1955 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு சீகரை அழைத்தது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்ல இயலாது என்று சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைச் சுட்டித் தப்பிய பலரைப் போல அவர் செய்யவில்லை. தம் கொள்கையையும் நட்பையும் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்றார். எந்தப் பாட்டை வேண்டுமாயினும் பாடிக் காட்டுகிறேன். எவரிடத்துப் பாடினேன் என்று மட்டும் சொல்லேன் என்பது அவர் நிலை. 1957-இல் சபையை அவமதித்தார் என வழக்குத் தொடரப்பட்டது. 1961-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றப்பத்திரிகையிலேயே குறையுண்டு எனத் தள்ளிவிட்டது. வழக்கு நடந்த ஆண்டுகளில் வெளியூர் செல்லுந்தோறும் அரசினர்க்கு அவர் அறிவிக்க வேண்டியிருந்தது.

இந்த இருண்ட ஆண்டுகளில் சீகர் என் செய்தார்? பள்ளிகளிற் பாடினார், கோடைக்காலச் சிறுவர் முகாம்களிற் பாடினார், கல்லூரி கல்லூரியாகச் சென்று பாடினார். சிறுவர் பாட்டுப் பாடுபவரை எவரும் பெரிதாகக் கருதவில்லை போலும்! ஆனால் விதை அங்கேதான் விழுந்தது. 1954-இல் கலிபோர்னியாவில் அவர் பாடக் கேட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஜோன் பேயஸ், பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த நாடோடிப் பாடகியரில் ஒருவரானார். பாஞ்சோ பயில விரும்புவோர்க்கென்று 1948-இல் தாமே எழுதி, தாமே படியெடுத்து விற்ற கைந்நூலைக் கொண்டு வாசிக்கக் கற்றவர்களில் ஒருவர், கிங்ஸ்டன் டிரியோவின் டேவ் கார்டு.

பூக்களைப் பற்றிய அப்பாட்டும் அக்காலத்ததே. 1955-இல் ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியிற் பாடுவதற்காக விமானத்திற் சென்றபோது, ஷோலகோவின் டான் நதி நாவலில் படித்து ஏட்டில் குறித்திருந்த சில வரிகள் அவர் கண்ணிற் பட்டன. மூன்று கண்ணிகள் பிறந்தன. 1960-இல் ஜோ ஹிக்கர்சன் என்பவர் ஒரு முகாமில் சிறுவர்களோடு பாடும்போது மேலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்தார். சீகர் அவற்றை ஏற்று, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் அவருக்கு அளித்தார்.

இனி டிலனிடம் வருவோம். மின்னசோட்டா மாநிலத்து இளைஞரான இவர் 1961 ஜனவரியில் நியூயார்க் வந்தார். நியூஜெர்சி மருத்துவமனையில், தாயாரைக் கொன்ற அதே நோயால் கை நடுங்கிச் சொல் குழறிக் கிடந்த கத்ரியைக் கண்டு, அவர் பாட்டுகளை அவர்க்கே பாடிக் காட்டினார். 1962-இல் வந்த தம் முதல் தொகுப்பில் கத்ரியைப் போற்றும் பாடலைக் கத்ரியின் மெட்டொன்றிலேயே அமைத்திருந்தார். சீகர் இவரைத் தம் மரபின் வாரிசாகவே கருதி மகிழ்ந்தார்.

1965 ஜூலை 25-ஆம் நாள் இரவு, ரோடு தீவு மாநிலத்து நியூபோர்ட் விழாவில் டிலன் மின்கிதாரும் முரசும் முழங்க மேடையேறினார். கூட்டத்தில் சிலர் ஆரவாரித்தனர், சிலர் கூச்சலிட்டனர். மேடையின் பின்னே நின்ற சீகர் சினந்தார். கோடரி இருந்தால் ஒலிக்கம்பியை இப்போதே வெட்டிவிடுவேன் என்று அவர் கூற, அவர் கோடரி ஏந்தியே வந்தார் என்று கதை வளர்ந்தது. இசையை நான் வெறுக்கவில்லை, சொற்கள் காதில் விழவில்லை என்பதே என் குறை என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். விளக்கம் மெய்யாயிருக்கலாம். எனினும், பிறர் தம் குரலை அடைத்ததால் பதினைந்து ஆண்டுகள் துன்புற்ற ஒருவர், மற்றொருவர் ஒலியை அறுக்க ஒரு கணமேனும் எண்ணினார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு துணுக்குறவே செய்கிறது.

அதற்குக் காலம் அளித்த விடை நகைச்சுவை மிக்கது. அவ்வாண்டு டிசம்பரில் 'பேர்ட்ஸ்' என்ற இளைஞர் குழு, நாடோடிப் பாடலும் ராக் இசையும் கலந்த புதுமுறையில், பன்னிரு நரம்பு மின்கிதார் ஒலிக்கப் பாடிய பாட்டொன்று நாட்டில் முதலிடம் பெற்றது. அப்பாட்டு, விவிலியத்துப் பிரசங்கி நூலின் சொற்களுக்குச் சீகர் மெட்டமைத்தது!

தொலைக்காட்சியின் கதவு 1967 செப்டம்பரில் திறந்தது. அன்றும், வியட்நாம் போரைக் குறிப்பாற் கண்டித்த பாடலை நிறுவனத்தார் வெட்டியே ஒளிபரப்பினர். 1968 பிப்ரவரியில்தான் அதனை விட்டனர். இதற்கிடையே, 1967 அக்டோபர் 3-ஆம் நாள் கத்ரி ஐம்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

கத்ரி 1940-இல் விடுதியறையில் எழுதிய பாடலைப் பள்ளிச் சிறுவர்கள் பாடிப் பழகினர். ஆனால், தனியார் உடைமை என்று எழுதிய பலகையைப் பற்றியும், நிவாரணச் சாலையின் முன் பசியோடு நின்ற மக்களைப் பற்றியும் அதில் இருந்த கண்ணிகளைப் பாடப்புத்தகங்கள் பலவும் விட்டுவிட்டன. 2009 ஜனவரி 18-ஆம் நாள், புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்பதை முன்னிட்டு வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் விழா எடுத்தனர். எண்பத்தொன்பது வயதுச் சீகர், பேரனும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பாடகரும் துணைநிற்க அங்கே அப்பாடலைப் பாடினார். தொலைக்காட்சி அதனை நாடெங்கும் காட்டியது. விடுபட்ட கண்ணிகளையும் அவர் விடவில்லை. கூட்டத்தார் தவறாமற் பாடும்படி, ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே உரக்கச் சொல்லிக் கொடுத்தார்.