75 ரூபாய் உபகாரச் சம்பளம்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "ஸ்காலர்ஷிப், பெல்லோஷிப் எல்லாம் எப்படித் தேடுறது, எப்படி அப்ளை பண்றதுன்னு பசங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். திட்டங்களின் பட்டியல் கொடுத்தால், மலர் அச்சாகி வருவதற்குள் பாதித் தேதிகள் மாறிவிடும். அதனால் ஒரு பழைய கதையை எடுத்துக்கொள்கிறேன். கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன கதை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒரு மேதையின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அதற்குள்ளே ஒரு அப்ளிகேஷனின் கதையும் இருக்கிறது. யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், எந்த விதி குறுக்கே வந்தது, மாதம் எத்தனை ரூபாய் என்கிற கணக்கு வழக்குதான் நமக்கு வேண்டியது.

நம் கல்லூரிக்கு வரும்போதெல்லாம் மூன்றாம் வருஷ, நான்காம் வருஷ மாணவர்களிடம் பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். அணைக்கட்டு, கண்ணமங்கலம், போளூர் பக்கத்திலிருந்தும், ஜவ்வாது மலை மேலிருந்தும் வருகிற பிள்ளைகள். பலர் வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. "ஏம்பா, அப்ளை பண்ணல?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நமக்கெல்லாம் கிடைக்காதுண்ணா. எலிஜிபிலிட்டியே இல்ல."

எலிஜிபிலிட்டி என்று பார்த்தால் ராமானுஜனுக்குத்தான் அது சுத்தமாக இல்லை. 1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் படிப்பை முடித்து, கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசும் வாங்கி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு எஃப்.ஏ. சேர்ந்தவர் அவர். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை. இங்கிலீஷில் தேறவில்லை. ஸ்காலர்ஷிப்பும் போச்சு. அம்மா கோமளத்தம்மாள் பிரின்சிபாலிடமே போய் முறையிட்டுப் பார்த்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். விதி விதிதான் என்று ஆகிவிட்டது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதியும் அதே கதைதான். இன்றைக்கு நம் ஹாஸ்டல் பாஷையில் சொன்னால் அரியரோடு டிஸ்கண்டின்யூ. கையில் மிஞ்சியது ஒரு மெட்ரிகுலேஷன் சர்டிபிகேட்டும், தானே கண்டுபிடித்த சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களும்தான்.

இங்கேதான் கதை நம்ம பக்கம் வருகிறது. நம் கணியம்பாடி வழியாகப் போகிற காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில், திருவண்ணாமலையைத் தாண்டினால் திருக்கோயிலூர். 1910-ல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். பின்னால் இந்தியக் கணிதவியல் கழகம் என்று பெயர் பெற்ற சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் போய்க் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை! ரெவின்யூ டிபார்ட்மெண்டின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்தத் திறமையை நசுக்க அவருக்கு மனமில்லை. அதற்குப் பதிலாகச் சென்னைக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அது கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்த பி.வி. சேஷு ஐயரிடம் போனது. அவர் இன்னொரு கடிதம் கொடுத்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கைக்காசைக் கொடுத்துத் தாங்கினார். கூடவே ஸ்காலர்ஷிப் முயற்சியும் நடந்தது. எதுவும் கைகூடவில்லை. ஒருத்தருக்கு எத்தனை நாள் பாரமாக இருப்பது என்று ராமானுஜன் வேலை தேடக் கிளம்பினார்.

1912 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு, அதாவது போர்ட் டிரஸ்டுக்கு, அப்ளிகேஷன் போட்டார். பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்திருந்தார். மார்ச் 1 முதல் வேலை. மாதச் சம்பளம் 30 ரூபாய். சீப் அக்கவுண்டண்ட் எஸ். நாராயண ஐயர் கணிதவியல் கழகத்தின் பொருளாளரும்கூட. கழகச் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இஞ்சினீயர், ரயில்வே பாலங்கள் கட்டியவர்.

நம் மலரைப் படிக்கிறவர்கள் எல்லோரும் இஞ்சினீயர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் கணிதக்காரர்களுக்குச் சமமாக நம்ம ஆட்களும் நிற்கிறார்கள். ஸ்பிரிங் ஒருவர். இன்னொருவர் சென்னை இஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித். (இன்று கிண்டியில் இருக்கும் அதே கல்லூரி; அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது.) 1912 நவம்பரில் கிரிபித் ஸ்பிரிங்குக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனின் கணக்குகளை லண்டனில் தன் பழைய ஆசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கும் அனுப்பினார். தனக்குப் புரியாத விஷயத்தை, புரிந்துகொள்ளக்கூடிய ஆளிடம் தள்ளிவிட்டார். இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு வாத்தியார் செய்ய முடியுமா?

ஹில் எழுதிய பதில் கவனிக்க வேண்டியது. ஆளிடம் திறமை இருக்கிறது, ஆனால் விரிதொடர்களில் தடுக்கி விழுந்திருக்கிறார், தெளிவாக எழுதக் கற்க வேண்டும், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்ற தோரணையில் இருந்தது அது. ஒரு வகையில் நிராகரிப்புதான். ராமானுஜன் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதினார். அங்கிருந்து உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதம்தான் சரித்திரம்.

ஹார்டியின் பதில் வந்ததும் எல்லாம் நடந்துவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நடந்தது அப்படி இல்லை. ஹார்டியால் ராமானுஜனை உடனே கப்பல் ஏற்ற முடியவில்லை. கடல் தாண்ட ராமானுஜன் சம்மதிக்கவில்லை. பணமும் லண்டனிலிருந்து வரவில்லை. முதல் பணம் இங்கே மெரினா கடற்கரை எதிரே இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

அது வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1913 பிப்ரவரி கடைசியில், வானிலைத் துறை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் வேலையைக் காட்டினார். மறுநாள், பிப்ரவரி 26 அன்று, வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில வருஷமாவது வயிற்றுக் கவலை இல்லாமல் கணிதத்திலேயே இருக்கப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் தூங்கவில்லை. மார்ச் 19-ல் கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. குழுத் தலைவர் பி. ஹனுமந்த ராவும் இஞ்சினீயரிங் கல்லூரிக்காரர்தான். ஹார்டியின் கடிதத்தோடு வந்து பேசும்படி நாராயண ஐயரையும் அழைத்திருந்தார். குழு சிபாரிசு செய்தது: மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு.

அடுத்த படி சிண்டிகேட். அங்கேதான் விதி வந்து குறுக்கே நின்றது. அந்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. முடித்தவர்களுக்கு உரியது. ராமானுஜன் எஃப்.ஏ. கூடத் தேறாதவர். கும்பகோணத்தில் அம்மாவைத் திருப்பி அனுப்பியது போல இங்கேயும் கதவைச் சாத்தியிருக்கலாம். நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர் வேறு கேள்வி கேட்டார். இந்தப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகவுரையில் ஆராய்ச்சியை வளர்ப்பதும் நம் கடமை என்றுதானே இருக்கிறது? விதியை அவர் மீறவில்லை. அந்த விதி எதற்காகப் போடப்பட்டதோ அதைப் படித்துக் காட்டினார். ஏப்ரல் 7-ம் தேதி சிண்டிகேட் சம்மதித்தது. 1913 மே 1 முதல் 30 ரூபாய் குமாஸ்தா 75 ரூபாய் ஆராய்ச்சி மாணவர் ஆனார். போர்ட் டிரஸ்ட் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்து வேலையையும் காப்பாற்றி வைத்தது.

சும்மா கொடுத்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன வேலை நடந்தது என்று எழுதித் தர வேண்டும். 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 என மூன்று அறிக்கைகளை ராமானுஜன் கொடுத்தார். அதில் அவர் எழுதிய தொகையீட்டு முறை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பிராஜெக்ட் ரிவியூ வந்தாலே ஓடி ஒளிகிற தம்பிகள் கவனிக்கவும்.

மீதி வேகமாக நடந்தது. 1914 ஜனவரியில் சொற்பொழிவாற்ற வந்த நெவில், ராமானுஜனை இங்கிலாந்து வரச் சம்மதிக்க வைத்தார். ஜனவரி 28 அன்று பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ஸ்பிரிங் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு வரை விஷயத்தைக் கொண்டு போனார். ஆண்டுக்கு 250 பவுன், கப்பல் செலவு, துணிமணிச் செலவு எல்லாம் பல்கலைக்கழகமே ஏற்றது. மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி கொடுத்தது 60 பவுன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய பங்கு யாருடையது?

இந்தக் கதையில் ராமானுஜனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். டெபுடி கலெக்டர், வாத்தியார், கலெக்டர், அக்கவுண்டண்ட், இஞ்சினீயர், வானிலைக்காரர், நீதிபதி. ஒவ்வொருவரும் செய்தது ஒரு கடிதம், இல்லையென்றால் ஒரு கூட்டத்தில் ஒரு பேச்சு. நம் கல்லூரிப் பசங்களிடம் குறைவது மூளை இல்லை, இந்தச் சங்கிலிதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய நகரக் கல்லூரியில் சீனியர் சொல்லிவிடுவார், இந்த மாசம் இது ஓப்பன் ஆகும் என்று. இங்கே அமிர்தி ரோட்டில் டீ குடித்துக்கொண்டே கடைசித் தேதி போய்விடும்.

ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி பெல்லோஷிப் நடத்துகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை. அதற்கு வேண்டியது என்ன செய்ய ஆசை என்று ஒரு சிறு கட்டுரையும், உங்களைத் தெரிந்த ஒரு ஆசிரியரின் கடிதமும். கேட் பரீட்சையை மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு. பிறகு சிபாரிசுக் கடிதம். கடைசித் தேதிக்கு முதல் நாள் எச்.ஓ.டி. ரூம் வாசலில் நின்றால் அவர் என்ன எழுதுவார்? "நல்ல பையன்" என்று எழுதுவார். நோட்டுப் புத்தகத்தோடு ஆறு மாதம் முன்பே போங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் ஹாப்சனை நினைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு எழுதுங்கள்.

வேலூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஊரீஸ் கல்லூரியில் படித்துவிட்டு, 1904 வாக்கில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனவர். படிப்பெல்லாம் ஸ்காலர்ஷிப்பில். தத்துவம் எடுத்ததற்குக் காரணம், படிப்பை முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான். புது புத்தகம் வாங்கக் காசில்லை. சீனியர்களே, உங்கள் பரணில் என்னென்ன கிடக்கிறது?

நம் சங்கத்தில் கல்வி நிதி ஒன்று வைக்கலாமா என்ற பேச்சு இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு வரப்போவதாகக் கேள்வி. வரவேற்கிறேன். பேசும்போது இன்னொரு கடிதத்தையும் மேசையில் வைத்துக்கொள்ளலாம். 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் டிரினிடி பெல்லோவாகவும் ஆனார். அதன் பின் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுகள் தருவதாகத் தெரிவித்தது. அப்போது அவர் உடம்பு முடியாமல் லண்டன் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் இருந்தார். 1919 ஜனவரி 11 அன்று அதே பதிவாளர் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார். இந்தத் தொகை எனக்குத் தேவைக்கு மேல் இருக்கும். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குப் போகட்டும். இங்கிலாந்துச் செலவு தீர்ந்த பிறகு மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளும் அனாதைப் பிள்ளைகளும் கட்டும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.