அடுப்பை அளந்து பார்த்த மனிதர்

அடுப்பில் விறகு எரிகிறது, வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்தைச் சேர்கிறது, எவ்வளவு வீணாகிறது என்று நீங்கள் எப்பொழுதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? எரிவாயு உருளையின் விலை ஏறினால் நாம் விலையைப் பற்றித்தான் பேசுகிறோம். காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியைக் கேட்டு, விறகை நிறுத்து, நீரை அளந்து, கணக்கெழுதி விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெஞ்சமின் தாம்சன். ரம்போர்டு பிரபு என்றால் அறிவியல் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இவர் 1753-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள வோபர்ன் என்னும் ஊரில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அவர்களுக்காக உளவும் பார்த்தார். 1776-இல் ஊரை விட்டு இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. பிறகு 1784-இல் பவேரியா நாட்டு மன்னரிடம் பணியில் சேர்ந்தார். இன்றைய ஜெர்மனியின் தென்பகுதி அது. பழகுவதற்கு இனியவர் அல்லர், செருக்கு மிக்கவர். ஆனால் கையில் தராசு இல்லாமல் எதையும் நம்பாதவர். படைவீரர்களுக்கு எந்தத் துணி கதகதப்பாக இருக்கும் என்று ஆராயப் புகுந்தவர், துணியின் இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்று கண்டார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792-இல் இங்கிலாந்தின் ராயல் கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

அடுப்புக்கு அவர் வந்த வழி வேறு. மியூனிக் நகரில் அப்போது பிச்சைக்காரர்கள் நிறைந்திருந்தனர். 1790-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் படைவீரர்களுடன் தெருவில் இறங்கிய ரம்போர்டு, முதல் பிச்சைக்காரரைத் தம் கையாலேயே பிடித்தார். ஒரு வாரத்திற்குள் ஏறத்தாழ 2,600 பேரின் பெயர்கள் பதிவாயின. அவர்களுக்குத் தொழில் இல்லம் ஒன்றில் நூல் நூற்கவும் படைக்குச் சீருடை தைக்கவும் வேலை கொடுத்தார். வேலை கொடுத்தார் என்பதைவிட, வேலைக்குப் பிடித்து வந்தார் என்பதே பொருத்தம். பிடித்து வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமன்றோ! நாள்தோறும் ஆயிரம் பேருக்கு மதிய உணவு. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, வினிகர், உப்பு, நிறைய நீர். இவ்வளவுதான் அந்தக் கஞ்சி. பண்டம் இவ்வளவு மலிவானபின், விறகுச் செலவு கண்ணை உறுத்தத் தொடங்கியது.

அக்காலத்து ஐரோப்பியச் சமையலறையில் திறந்த மேடைமீது தீ எரியும். பாத்திரம் அதன்மேல் தொங்கும், அல்லது முக்காலிமேல் நிற்கும். அத்தகைய தீயின் வெப்பத்தில் எட்டில் ஏழு பங்கு புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது என்று ரம்போர்டு கணக்கிட்டார். எட்டு வண்டி விறகு வாங்கினால் ஒரு வண்டிதான் சமைக்கிறது!

அவர் அமைத்த அடுப்பு இதற்கு நேர்மாறானது. செங்கல் மேடைக்குள் பாத்திரம் முழுவதும் இறங்கி உட்கார்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சின்னஞ்சிறு தீ தனியாக இருந்தது. விறகு இரும்புக் கிராதியின்மேல் எரிய, காற்று கீழேயுள்ள சாம்பல் குழி வழியாக மட்டும் நுழைந்தது. அந்த வழியைத் தகட்டால் கூட்டலாம், குறைக்கலாம். அனல் நேரே புகைபோக்கிக்கு ஓடாமல் பாத்திரத்தைச் சுற்றிய பின்பே வெளியேறியது. நம் நாட்டுக் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இதன் ஒரு பாதி புதிதன்று. தாயடுப்பில் சோறு வேகும்போது, பக்கத் துளை வழியாகச் செல்லும் அனலில் கொடியடுப்பில் குழம்பு சூடாகும்; அதற்குத் தனியாக விறகு வைப்பதில்லை. ரம்போர்டு கூடுதலாகச் செய்தது, காற்றுக்குக் கதவு போட்டதும் கணக்கு எழுதியதுமே. தொழில் இல்லத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்க ஒரு நாள் விறகுச் செலவு ஆங்கில நாணயத்தில் நாலரைப் பென்ஸ்தான் என்று அவர் பெருமையோடு எழுதி வைத்தார்.

ஆனால் அவருடைய கண்டுபிடிப்புகளில் அடுப்பைவிடப் பயனுள்ளது ஒன்று உண்டு. அதற்குச் செங்கல்லும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். நீர் தளதளவென்று கொதித்தால் உணவு விரைவில் வேகும் என்று சமையற்காரர்கள் நம்பினர். இன்றும் பலர் நம்புகின்றனர். திறந்த பாத்திரத்தில் நீர் மெல்லக் கொதித்தாலும் பொங்கிக் கொதித்தாலும் வெப்பநிலை ஒன்றே: கடல்மட்டத்தில் 100° செ. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் வெப்பநிலை ஏறாது. நீர் ஆவியாகும், அவ்வளவே. பருப்புக்குத் தெரிவது வெப்பநிலைதான்; கொதிக்கும் ஓசை அதற்குத் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாக மேலும் 540 கிலோகலோரி வேண்டும். இதனை உள்ளுறை வெப்பம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். மூடாத பாத்திரத்தில் கால் லிட்டர் ஆவியாகிப் போனால் 135 கிலோகலோரி போயிற்று. அதாவது கொதிக்க வைக்க ஆன வெப்பத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவைத்தால் இது பெரும்பாலும் மிச்சமாகும். அழுத்த சமைகலனுக்கும் இது பொருந்தும். அதனுள்ளே அழுத்தம் மிகுவதால் கொதிநிலை ஏறுகிறது, உணவு விரைவில் வேகிறது. ஆனால் அழுத்தம் வந்தபின் ஓயாமல் சீறி வெளியேறும் ஆவி வெறும் நட்டமே.

1795-இல் இலண்டன் சென்ற ரம்போர்டு, குளிர்காயும் கணப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அகன்ற புகைபோக்கி வழியே அறையின் சூடான காற்றெல்லாம் மேலே போவதைக் கண்டு, அதன் தொண்டையை நாலு அங்குலமாகக் குறுக்கினார். பக்கச் சுவர்களைச் சாய்த்து, வெப்பக் கதிர்கள் அறைக்குள் வீசும்படி செய்தார். புகையும் தொலைந்தது, நிலக்கரியும் மிஞ்சியது. ஐந்நூறு கணப்புகளைச் சீர்செய்ததாக அவரே எழுதியுள்ளார். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில்கூட ஒரு 'ரம்போர்டு' கணப்பு வருகிறது.

பீரங்கி துளைக்கும் சோதனையால்தான் இன்று நாம் அவரை நினைக்கிறோம். 1798-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், குதிரைகள் சுழற்றிய துளைகருவியின் உராய்வால் மட்டுமே இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்ததைக் கூறினார். வெப்பம் ஒருவகைப் பொருளன்று, இயக்கமே என வாதிட்டார். அப்போதும் அடுப்புக்காரர் அவரை விட்டு அகலவில்லை. வெப்பம்தான் வேண்டுமென்றால் குதிரையின் தீவனத்தையே எரித்துவிடலாம், அதிலே கூடுதல் வெப்பம் கிடைக்கும் என்று அக்கட்டுரையிலேயே எழுதினார்!

அவர் தம் அடுப்புகளுக்குக் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1799-இல் இலண்டனில் ராயல் நிறுவனம் தோன்ற முன்னின்று உழைத்தார். ஆயினும் அவருடைய கணப்பு செல்வர் வீடுகளுக்கும், அடுப்பு பெரிய சமையற்கூடங்களுக்குமே போய்ச் சேர்ந்தன. வாடகை அறையில் ஒரே தீயில் குளிர்காய்ந்து, அதிலேயே சமைத்தும் வந்த ஏழைக்குச் செங்கல் மேடை எட்டவில்லை. விறகுச் செலவு மிகவும் வருத்தியது அவரைத்தான்.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான இரு பாத்திரங்களில் ஒவ்வொரு லிட்டர் நீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். கொதி வந்தபின் ஒன்றை மூடாமல் பெருந்தீயிலும், மற்றதை மூடிச் சிறுதீயிலும் பத்து நிமிடம் விட்டுவிட்டு இறக்குங்கள். ஆறியபின் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடையைக் கிராமில் எழுதி 540-ஆல் பெருக்கினால், எத்தனை கலோரி ஆவியாகப் போயிற்று என்பது கிடைக்கும்.