குழந்தையின் இதயமும் பிறர் குருதியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வழக்கின் போதாமையைக் குழந்தைகளுக்கான இதயச் சத்திரசிகிச்சை நன்கு புலப்படுத்துகின்றது. குழந்தையின் உடலிற் சேரும் குருதி யாருடையது, அது எவ்வளவு என்னும் வினாக்களையும் நாம் இங்கு எழுப்பியாக வேண்டும்.

1954 மார்ச்சில், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றன் லில்லிஹெய் குழுவினர், குழந்தையின் குருதிச் சுற்றோட்டத்தைப் பெரியவர் ஒருவரின் சுற்றோட்டத்துடன் இணைத்து இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்தனர். பெரும்பாலும் பெற்றோரே குழந்தையின் நுரையீரலாக நின்றனர். இவ்வாறு சிகிச்சை பெற்ற 45 பேருள் 28 பேர் வீடு திரும்பினர். ஆயின் ஒரு தாய் மூளைப் பாதிப்புக்குள்ளானார். ஓருயிரைக் காக்க ஈருயிரைப் பணயம் வைத்த இம்முறையின் இடத்தை 1955 முதல் இதய நுரையீரல் இயந்திரம் பிடித்தது.

இயந்திரம் புதியதொரு சிக்கலைத் தோற்றுவித்தது. 3 கிலோகிராம் நிறையுள்ள சிசுவின் உடலிலுள்ள குருதி ஏறத்தாழ 250 மில்லிலீற்றரே. தொடக்ககால இயந்திரத்தை நிரப்பவோ பலரது குருதி வேண்டியிருந்தது. கொடுப்போர் தொகை பெருக, நோய்த்தொற்று அபாயமும் பெருகியது. 1960களின் தொடக்கத்தில் ஹூஸ்ரனில் டென்ரன் கூலி முதலியோர் குளுக்கோசுக் கரைசலால் இயந்திரத்தை நிரப்பி இத்தேவையைக் குறைத்தனர். எனினும் சிசுவின் சிறிதளவு குருதியை அக்கரைசல் மிகையாக நீர்க்கச் செய்யும். ஆகவே இயந்திரத்தின் குழாய்களையும் கொள்கலன்களையும் சிறிதாக்குவதே பின்வந்தோரின் முயற்சியாயிற்று.

குருதியின் மூலம் பற்றிய வினாவோ சமூகவியல் சார்ந்தது. 1970இல் பிரித்தானிய அறிஞர் றிச்சட் ரிற்மஸ், வறியோரிடம் விலைக்கு வாங்கும் குருதி, கொடையாகப் பெறும் குருதியிலும் ஆபத்தானது என வாதிட்டார். பணத்தேவை நோயை மறைக்கத் தூண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1978இல் அமெரிக்க அரசு, குருதி கொடையா விலைக்குப் பெற்றதா எனப் பொதியிற் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது.

ஆய்வுகூடச் சோதனை இவ்வினாவைத் தேவையற்றதாக்கிவிடும் எனச் சிலர் கருதலாம். ஈரலழற்சி சி வைரசு இனங்காணப்பட்டது 1989இலேயே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதற்கு முன்னர் அதனைச் சோதித்தறிய வழியிருக்கவில்லை. கொடுப்பவரின் நேர்மையே குழந்தைக்கிருந்த காப்பு. அறியப்படாத அடுத்த கிருமிக்கும் இது பொருந்தும். எனவே குருதியைச் சந்தைப் பொருளாக்காதிருத்தல், அறநெறி மட்டுமன்று, மருத்துவத் தேவையுமாகும் என்பதே நமது முடிபு.