சான்றின் இடைவெளியும் கதையின் விடையும்: ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்க்கான துணைநூல் குறித்து

‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயம் வாசகரை 982 ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. ‘கல்கி’ இதழில் தொடர் தொடங்கிய நாள் 29 அக்டோபர் 1950. அன்றைய வாசகர் கழித்துப் பார்த்தால் கி.பி. 968 கிடைத்தது, கதை நிகழும் காலமும் அதுவே. இன்று சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ நூலகப் படியைத் திறக்கும் இளைஞர் அதே கழித்தலைச் செய்தால், சுந்தர சோழரின் இறுதிக் காலத்திற்குப் பதிலாக அவருடைய பேரன் இராசேந்திரனின் ஆட்சி முடியும் ஆண்டுகளுக்கு வந்து சேர்வார். பிழை கல்கியுடையதன்று. வார இதழுக்கென எழுதப்பட்ட வாக்கியம் நூலாக மாறியபோது, அதற்குரிய தேதி உடன் வரவில்லை. ஓர் அடிக்குறிப்பு இதைத் தீர்த்துவிடும். நெடிய வரலாற்றுப் புதினங்களுக்குத் துணைநூல் ஏன் வேண்டும் என்பதற்கு இச்சிறு கணக்கே போதிய சான்று.

துணைநூல் தமிழுக்குப் புதியதன்று. மூலத்தோடு அறிவுத் துணையையும் சேர்த்துத் தருவது உரைமரபின் அடிப்படை. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, பாட்டின் பொருளைச் சொல்வதோடு நில்லாமல் இசையும் கூத்தும் பற்றிய, பின்னாளில் மறைந்துபோன நூல்களின் செய்திகளையும் காத்துத் தந்தது. 1910இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ இலக்கியப் பெயர்களுக்கெல்லாம் அகராதியாயிற்று. ஆனால் உரைநடைப் புதினத்திற்கு இவ்வகைத் துணை வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் எழவில்லை. படித்தவுடன் விளங்குவதே உரைநடை என்று கருதப்பட்டது காரணமாகலாம். மற்றொரு காரணமும் உண்டு: கல்கி துணைநூலைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அநிருத்தப் பிரமராயரை அறிமுகப்படுத்துமிடத்தில் அவர் கதையை நிறுத்தி, அன்பில் செப்பேடு கிடைத்த வரலாற்றைச் சொல்கிறார். திருவாலங்காட்டுச் செப்பேடும் அவ்வாறே கதையினுள் இடம்பெறுகிறது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள் கொண்ட தொடர் முடிந்ததும், மாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரையில் விடையளிக்கிறார். மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வாசகருடன் உரையாடிய ஆசிரியருக்கு இது இயல்பாக அமைந்தது. எனினும் கதைசொல்லியே சான்றுரைப்பவராகவும் இருப்பதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. செப்பேட்டுச் செய்தியும் கற்பனைச் செய்தியும் ஒரே குரலில் ஒலிப்பதால், இரண்டும் ஒரே அளவு நம்பகமுடையனவாகத் தோன்றுகின்றன. நந்தினி வாழ்ந்த அரண்மனை எங்கே என்று பழுவூரில் தேடுவோர் இன்றும் உண்டு.

ஆங்கிலத்தில் இம்முயற்சி வேறு வழியிற் சென்றது. பாட்ரிக் ஓ’பிரையன் 1969 முதல் எழுதிய கடற்படைப் புதினங்கள், முற்றுப்பெற்றவை மட்டும் இருபது. நெப்போலியன் காலக் கப்பற்கலைச் சொற்களை அவர் பெரும்பாலும் விளக்கவில்லை. புரியாவிட்டாலும் வாசகர் கப்பலோடு மிதந்து செல்லட்டும் என விட்டுவிட்டார். அந்த மௌனத்தை நிரப்பத் தனி நூல்கள் பிறந்தன. டீன் கிங் 1995இல் ‘எ சீ ஆஃப் வேர்ட்ஸ்’ என்னும் அகராதியைக் கடற்படை வரலாற்றறிஞர் ஜான் ஹாட்டன்டார்ஃப், மருத்துவ வரலாற்றறிஞர் வொர்த் எஸ்டெஸ் ஆகியோரின் துணையுடன் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நிலப்படங்கள் கொண்ட நூலொன்று வந்தது. 1997இல் அப்புதினங்களில் வரும் உணவுகளைச் சமைத்துப் பார்த்து எழுதிய சமையல் நூலும் வந்தது. கடலுணவு மாடத்து எலிகள் வரை அந்நூல் எதையும் விட்டுவைக்கவில்லை என்பது வாசகர் பற்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

அத்தொடரில் காலக்கணக்கும் சிக்கலானது. தொடர் இவ்வளவு நீளும் என்று எதிர்பாராத ஓ’பிரையன், போர் ஆண்டுகள் தீர்ந்துபோகும் நிலையில், ‘தி ஃபார் சைட் ஆஃப் தி வேர்ல்ட்’ முன்குறிப்பில் 1812ஆம் ஆண்டையே இரண்டாகப் பெருக்கிக்கொள்ள நேரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதன்பின் பல புதினங்கள் நாட்காட்டியில் இல்லாத காலத்தில் நிகழ்கின்றன. துணைநூலாசிரியர் அங்கே ‘இது பிழை’ என்று எழுதினால் போதாது. கதைக்கு அக்காலம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்ப் புதினத்திற்கு இப்பாடம் இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

ஆதித்த கரிகாலன் கொலை இதற்குத் தக்க களம். காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், இராசகேசரி ஒருவரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயரிட்டுக் கூறுகிறது. அவர்களும் உறவினரும் இழந்த நிலம் விற்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. உத்தம சோழன் பரகேசரிப் பட்டம் பூண்டவன். ஆகவே இங்குக் குறிக்கப்படுபவர் இராசராசனே என்று கொள்ளப்படுகிறது. அவ்வாறாயின் ஆண்டு ஏறத்தாழ 987. கொலை நிகழ்ந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இடைப்பட்ட காலத்தில் அரியணையில் இருந்தவன் உத்தம சோழன்.

இந்த இடைவெளியிலிருந்தே ஐயம் பிறந்தது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் உத்தமனுக்குக் கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1949இல் வெளிவந்த ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற் பகுதியில் அதை மறுத்தார். நில விற்பனையைக் கூறும் ஆவணம், அதற்கு முன் தண்டனையே நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பதும் கருதத்தக்கது. தொடர் தொடங்கிய 1950இல் இவ்விரு நிலைப்பாடுகளும் அச்சில் இருந்தன.

புதினத்தில் மதுராந்தகர் இருவராவதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். அரியணைமேல் ஆசைகொண்டு சதிக்குள் இழுக்கப்படும் மதுராந்தகன், செம்பியன் மாதேவி பெற்ற மகனல்லன் என்று கதை பிற்பகுதியில் வெளிப்படுத்துகிறது. பூமாலை தொடுத்துச் சிவத்தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதனே உண்மையான மகனாகி, உத்தம சோழனாக முடிசூடுகிறான். இதற்குச் சான்று ஏதுமில்லை. உத்தமனைச் செம்பியன் மாதேவியின் மகனென்றே கல்வெட்டுகள் ஐயமின்றிக் கூறுகின்றன. ஆனால் இதைத் ‘கற்பனை’ என்ற ஒரு சொல்லால் கடந்துவிடும் துணைநூல் வாசகருக்குப் பாதியையே தருகிறது. ஐயத்திற்குரிய இளவரசனையும் பழியற்ற அரசனையும் இரு உடல்களில் பிரித்து வைத்ததன் வழியாக, அறிஞர் இருவரிடை நின்ற வழக்கிற்குக் கல்கி ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அருள்மொழி விரும்பி விட்டுக்கொடுக்கும் அரியணைக்கும் அவன் பின்னர் மதிக்கும் அரசனுக்கும் இடையே திருவாலங்காட்டுச் செப்பேடு காட்டும் இணக்கத்தை, கொலைக்களங்கம் தீண்டாதபடி கதை இவ்வாறு காத்துக்கொள்கிறது.

மாந்தர் பட்டியலும் இந்நோக்கிலேயே அமையவேண்டும். வந்தியத்தேவனைப் பற்றிச் சான்று தருவது, குந்தவை அவனுடைய தேவியார் என்னும் தஞ்சைக் கல்வெட்டுக் குறிப்பே. அவ்வொரு குறிப்பிலிருந்து ஐந்து பாகங்களுக்குரிய வீரன் உருவாகியிருக்கிறான். பழுவேட்டரையர் குடி வரலாற்றிற்குரியது. அக்குடியின் முதியவர் மணந்த நந்தினி கதைக்குரியவள். பூங்குழலியும் அவ்வாறே. கரிகாலன் கொல்லப்பட்ட இடத்தைக் கல்வெட்டுக் கூறவில்லை. கடம்பூர் மாளிகை கல்கி தேர்ந்த இடம். அதே நேரத்தில், கதை தொடங்கும் வீரநாராயண ஏரி, உடையார்குடிக் கல்வெட்டு நிற்கும் ஊரின் ஏரியே. முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரைமேல் கடந்துசெல்லும் ஊரிலேயே கொலையாளிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன என்பதை அறிந்த வாசகருக்கு அந்த ஆடிப்பெருக்குக் காட்சி வேறாகத் தெரியும்.

புலம்பெயர் வாசகரை எண்ணும்போது அமைப்புச் சிக்கல்கள் சில எழுகின்றன. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் பல பதிப்பகங்கள் இந்நூலை வெளியிட்டுள்ளன. பக்க எண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே மேற்கோள் குறிப்புகள் பாகம், அத்தியாயம் என்ற அளவிலேயே அமைதல் வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு வழியே கதையை அறிந்தவர்கள் பெயர்களைப் பல எழுத்துக்கூட்டல்களில் சந்தித்திருப்பர். ழகரமும் வல்லின வேறுபாடும் அவர்களை அகரவரிசையில் வழிதவறச் செய்யும். தமிழ் வரிசையோடு ஒலிபெயர்ப்பு வரிசை ஒன்றும் தேவை. ஒருவர்க்குப் பல பெயர் வழங்குவதும் கருதப்படவேண்டும்: அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், இராசராசன் மூவரும் ஒருவரே என்பது தஞ்சையில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும், லண்டனில் பன்னிரண்டு வயதில் முதன்முறை படிக்கும் பிள்ளைக்கு அது முதற் பதிவாக இருக்கவேண்டும். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மாறி மாறி வருவதை விளக்கும் சிறு அட்டவணை அதற்கு அடுத்த பக்கத்தில் இடம்பெறலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டால் உடையார்குடிக் கல்வெட்டின் வழக்கை அப்பிள்ளை தானே தொடர்ந்து படித்துவிடும்.