எல்லையோர இளமையும் மௌனத்தின் சரித்திரமும்

கல்லூரி மாணாக்கரின் பாலியல் நலக் கேடுகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அவர்தம் ஒழுக்கத்தைப் பரிசோதிப்பதிலேயே தொடங்கி அதிலேயே முடித்துவிடுகின்றனர். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் சரித்திரத்தை நிதானமாகப் புரட்டுவோர்க்கோ, இளைஞர் அபாயத்தில் காலிடுவதற்கு அவர்களுடைய சுபாவத்தைக் காட்டிலும், அச்சமின்றிக் கேட்டுத் தெளிய ஓர் இடம் வாய்க்காமையே பிரதான காரணம் என்பது புலப்படும்.

இவ்வட்டாரத்துத் தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்து, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமல்படுத்தியபோது, அந்த ஜில்லாவில் அடங்கியிருந்த ஓசூரும் அச்சட்டத்துக்கு உட்பட்டது. ஆயினும் மைசூர் சமஸ்தானத்தின் எல்லையோடு சட்டம் நின்றுவிட்டது. இப்பால் விலக்கப்பட்டது அப்பால் கிடைக்கும் என்னும் நிலைமை, பொருள்கள் மாறினும், இன்றளவும் இவ்வூரை விட்டு நீங்கவில்லை.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டும் பின்னர் டைட்டனும் வந்தன. தென் ஜில்லாக்களிலிருந்து வந்த இளந்தொழிலாளரும் மாணவரும் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்குத் தங்க, தாய் தந்தையர் கண்காணிப்பும் சொந்த ஊரின் பார்வையும் ஒருங்கே அகன்றன. அவற்றின் இடத்தை நிரப்பத் தக்க அறிவு மட்டும் உடன் வரவில்லை.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுக்களைக் கண்டறிந்தனர். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு தன்னார்வ நலச் சேவை நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநரிடையே பணிபுரியத் தொடங்கியது. அப்பணி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அந்நோய் லாரிக்காரருக்கு வருவது, படித்தவருக்கு வாராதது என்ற விபரீதமான நிம்மதியும் அப்பணியின் நிழலில் மாணவர் மனத்தில் வேரூன்றிற்று என்றே கருதுகிறேன். நெடுஞ்சாலை கல்லூரி வாசலை ஒட்டியே செல்லும் ஊரில் இதனினும் கொடிய மயக்கம் வேறில்லை.

2005 அளவில் மத்திய அரசு வகுத்த வளரிளம்பருவக் கல்வியை 2007-இல் கர்நாடகம் நிறுத்தியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பண்பாடு. இப்பால் தமிழகக் கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வூட்டும் செஞ்சுருள் சங்கங்கள் அமைந்தன. ஆனால் பேரணியில் பதாகை ஏந்திய மாணவி, தனக்கொரு சந்தேகம் எழுந்தால் அதை உபாத்தியாயரிடம் கேட்கத் துணிவாளா?

அவசரக் கருத்தடை மாத்திரையின் கதை இம்மௌனத்தைத் தெளிவாகக் காட்டும். மருத்துவர் சீட்டின்றி அதை விற்கலாமென 2005-இல் இசைவு கிடைத்தும், தமிழகத்து மருந்துக்கடைகளில் அது பல்லாண்டுகளாக அரிதாகவே அகப்படுகிறது. கர்நாடகத்துக் கடைகளிலோ தாராளமாகக் கிடைப்பதால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டிய ஒன்றுக்காக எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. நாழிகை கடக்கக் கடக்க அதன் பலன் குன்றும். நோய்த்தொற்றை அது தடுப்பதே இல்லை. இவ்விரண்டையும் எடுத்துரைக்க அவசரமாய் வாங்கி மறைக்கும் கணத்தில் எவரும் இல்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவர் சிறுமியரைக் காக்கும் கவசம். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் பதினெட்டு நிரம்பாத முதலாண்டு மாணவி, தன் விருப்பத்தால் நேர்ந்ததொன்றைக் குறித்து மருத்துவரை அணுகினாலும், அவர் போலீசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவராகிறார். இதை அறிந்தவள் மருத்துவமனைப் படியேறத் தயங்குகிறாள். மாணவனோ, மாதந்தோறும் குறித்த தேதியில் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம், இயற்கையான உடற்கூற்றையே வியாதியென்று அஞ்சிப் பணத்தைக் கொட்டுகிறான். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையமும் நம்பிக்கை மையமும் இலவசமாகவே பால்வினை நோய்ச் சிகிச்சையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் அளிக்கின்றன. ஆனால் அம்மையங்களுக்கு வெளியே இட்ட பெஞ்சில் அடுத்த தெருக்காரர் எவரேனும் அமர்ந்திருப்பாரோ என்று வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.